சாக்குக்கடை ஐயா: நினைவில் இருப்பதை இங்கே எழுதுங்கள்

சால்வீன் கரை (இழையைத் தொடங்கியவர்)

பர்மாவில், மோல்மேன் சாக்குக்கடை ஐயா போன வாரம் தவறிவிட்டார். தொண்ணூறுக்கு இரண்டு குறைவு. காரியமெல்லாம் முடிந்துவிட்டது. வீட்டார் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்கள்: பெயரோ படமோ எங்கேயும் போட வேண்டாம். அவரே அப்படிச் சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் இங்கேயும் யாரும் பெயரை எழுதாதீர்கள். தெரிந்தவர்களுக்குச் சாக்குக்கடை ஐயா என்றாலே போதும்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். அவர் வாத்தியாரும் இல்லை, பண்டிதரும் இல்லை. பழைய சாக்கு வாங்கி, உதறி, ஓட்டை தைத்து, அரிசி ஆலைக்கு விற்றவர். கோடை விடுமுறையில் மார்ச் தொடங்கி மே வரை எங்கள் கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் செலவு பார்த்தவர்.

நான் 1984இல் சேர்ந்தேன், ஒன்பது வயது. முதல் நாள் ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பென்சில். அடுத்த நோட்டு வேண்டுமென்றால் பழையதைக் கொண்டுபோய்க் கடையில் காட்ட வேண்டும். கடை என்ன கடை, வீட்டு வாசலில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே போனாலே தும்மல் வரும். சாக்குக் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு, விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். அவசரமே கிடையாது. எங்காவது இரண்டு பக்கம் சேர்ந்து ஒட்டிக்கொண்டு காலியாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். கடைசியில் நான்கைந்து தாள் எழுதாமல் இருந்தால் அதைக் கிழித்து, மடித்து, ஒரு தகரப் பெட்டிக்குள் போடுவார். பெட்டி நிறைந்ததும் கோணி ஊசியில் சணல் நூலைக் கோத்து மூன்று குத்துக் குத்தி புது நோட்டு ஆக்கிவிடுவார். அட்டைக்குச் சிமெண்டுப் பை. அந்த நோட்டில் ஒரு பக்கம் நாலு கோடு, அடுத்த பக்கம் கட்டம், அதற்கடுத்த பக்கம் கோடே இல்லை. நான் எழுதியதில் பாதிக்கு மேல் அந்த மாதிரி நோட்டில்தான்.

உங்களுக்கு நினைவில் இருப்பதை எழுதுங்கள். புகழ்ச்சி வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நடந்ததை எழுதினால் போதும்.

ரப்பர் தோட்டம்

ஆழ்ந்த இரங்கல். அந்தச் சிமெண்டுப் பை அட்டை! என் சட்டைப் பையெல்லாம் சாம்பல் நிறம். அம்மா திட்டுவாள், "பள்ளிக்கூடம் போனியா, கொத்து வேலைக்குப் போனியா?"

முடோன் மருமகள்

நான் படித்தவள் இல்லை, அங்கே சொல்லிக்கொடுத்தவள். இப்போதும் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கல்யாணமாகி முடோனுக்கு வந்தேன். அங்கிருந்து மோல்மேனுக்கு லைன் காரில் வர ஒரு மணி நேரம் ஆகும். வகுப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சம்பளம் பற்றிப் பேச எனக்குக் கூச்சம், அவருக்கும் கூச்சம். சயாமா என்றால் இங்கே டீச்சரம்மா. கடைசியில் அவர் கேட்டது இவ்வளவுதான்: "சயாமா, வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுறீங்க?" அடுத்த வாரத்திலிருந்து மாதம் ஒரு கூடை அரிசி வந்தது. பதினாறு பியி (பர்மியப் படி), அவர் கடைச் சாக்கிலேயே. லைன் கார்க் காசு தனி. பணமாகக் கொடுத்தால் விலை ஏறும்போது கரைந்துவிடும், அரிசி கரையாது என்பார். 1988க்குப் பிறகு விலைவாசி ஏறின ஏற்றத்தில் அது எத்தனை சரி என்று புரிந்தது.

அப்புறம் விளக்கு. வகுப்பு சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. பகலில் பையன்கள் டீக்கடையிலும் பட்டறையிலும் வேலை பார்ப்பார்கள், வேறு நேரமே கிடையாது. கரண்டு பாதி நாள் இருக்காது. முதலில் பெட்ரோமாக்ஸ், பிறகு பேட்டரியில் எரியும் டியூப் லைட், அதற்கும் பிறகு ஒரு சின்ன சீன ஜெனரேட்டர். எண்ணெய் தீர்ந்தது, மேண்டில் உடைந்தது என்று நான் ஒரு நாளும் சொல்லியனுப்பியதில்லை. தீர்வதற்கு முன்னாலேயே வந்துவிடும். நல்ல மழை நாளில் ஒரு தடவை ஜெனரேட்டர் நின்றுபோய், பிள்ளைகளை அனுப்பிவிடலாம் என்று எழுந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார், இன்னொரு கையில் டார்ச்சு. எட்டு மணி வரை கரும்பலகைக்கு நேரே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுதிய இடமெல்லாம் வெளிச்சம் கூடவே வந்தது.

கம்பைப் பையன்

மன்னிக்கணும், நான் ரங்கூன், 2001இல் பிறந்தவன். ஒரு சந்தேகம். ஏன் கோடையில் மட்டும் வகுப்பு? வருஷம் முழுக்கத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்ததே இல்லையா?

வியாசர்பாடி

தம்பி, நடந்தது. நான் படித்திருக்கிறேன். மோல்மேனில் பிறந்து 1966இல் கப்பலேறியவன், இப்போது சென்னை. எழுபத்தெட்டு வயது. பேத்தி தட்டச்சு செய்கிறாள்.

அந்தக் காலத்தில் ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மேன் எல்லா இடத்திலும் தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. ஊர்க்காரர்கள் பணம் போட்டு நடத்தியவை. 1964 மார்ச்சில் கடைகளைத் தேசியமயமாக்கினார்கள். 1965, 66இல் தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது. அதோடு தமிழ் பாடத்திட்டத்திலிருந்து போய்விட்டது. மிச்சம் இருந்தது கோயிலும் கோடை லீவும்தான்.

சாக்குக்கடை ஐயா எனக்கு அண்ணன் முறை. அவருடைய அப்பா பெரிய அரிசி வியாபாரி. கடையில் புதுச் சாக்கு கட்டுக் கட்டாகக் கிடக்கும். கடை போன பிறகு மிஞ்சியது ஒரு தள்ளுவண்டி. அதில்தான் மகன் பழைய சாக்கு பொறுக்க ஆரம்பித்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஊரில் பாதிப் பேர் இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். எதை எடுத்துப்போகலாம், எதை எடுத்துப்போகக் கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு. நகையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள்தான் அதிகம், புத்தகத்தை யார் நினைத்தார்கள்? அவர் தள்ளுவண்டியோடு வீடு வீடாக வந்து, "தமிழ்ப் புத்தகம் எது இருந்தாலும் போட்டுட்டுப் போங்க" என்று கேட்டார். பாலபாடம், ஆத்திசூடி, பழைய பஞ்சாங்கம், கிழிந்த ராமாயணம், சோப்பு விளம்பரக் காலண்டர் வரைக்கும் வாங்கிக்கொண்டார். என் மூன்றாம் வகுப்பு வாசகப் புத்தகத்தையும் நானே சாக்குக்குள் போட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தேன், முக்கால் சாக்கு நிறைந்திருந்தது. பைத்தியக்காரர் என்று அன்றைக்கு நினைத்தேன். பதினெட்டு வயது எனக்கு.

சால்வீன் கரை

வியாசர்பாடி ஐயா, அந்த மூன்றாம் வகுப்பு வாசகத்தில்தான் நான் படித்திருப்பேன் என்று நினைக்கிறேன்! எங்கள் வகுப்பில் மொத்தம் நாலு வாசகம், பிள்ளைகள் முப்பத்தி சொச்சம். எல்லாப் புத்தகத்தின் முதுகிலும் சணல் தையல். அட்டையில் ஒரே ஒரு எண், பெயர் எதுவும் இருக்காது.

1987ஐப் பற்றி எழுத வேண்டும், விட்டுவிட்டேன். அந்த வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றிக்கொள்ளவும் வழியில்லை, ஈடும் கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு 75 கியாட் நோட்டா என்று சிரிப்பாக இருக்கும். இருந்தது. அடுத்த கோடைக்காக அவர் சேர்த்து வைத்திருந்ததில் பெரும்பகுதி அந்த 75தான். ஊரில் பலர் தெருவில் நின்று அழுதார்கள். என் அப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

நான் எழுதி முடித்த நோட்டை எடுத்துக்கொண்டு, கிடைக்குமோ கிடைக்காதோ என்று போனேன். வழக்கம்போலப் பக்கம் புரட்டினார். புதுசு கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அந்த நோட்டுதான்டா செல்லாது, இந்த நோட்டு செல்லும்" என்றார். பன்னிரண்டு வயதில் எனக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

இரண்டு வாரம் கழித்து 45, 90 என்று புது நோட்டு விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் ஒன்பதில் வகுபடுகிற கணக்கு. அடுத்த கோடையில் எங்கள் தமிழ் வகுப்பில் முதல் எழுத்துப் பிழைத் திருத்தமே "தொண்ணூறு"தான். பாதிப் பேர் "தொன்னூறு" என்று எழுதினோம். சயா (வாத்தியார்) ஒரு 90 கியாட் நோட்டைப் பலகையில் ஒட்டிவைத்து, தப்பில்லாமல் எழுதும் வரை அதைப் பார்த்துக்கொண்டே எழுது என்றார். நோட்டில் தமிழா இருக்கிறது, பார்த்து எழுத!

பழைய சிலேட்டு

எல்லாம் நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயரைச் சொல்லாமல் நினைவுகூர்வது என்ன வகை நினைவு? இன்னும் இருபது வருஷத்தில் "சாக்குக்கடை ஐயா" யார் என்று யாருக்குத் தெரியும்?

பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பாகானில், மியின்கபா அருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. 13ஆம் நூற்றாண்டு. தொடக்கத்தில் ஒரு வடமொழிச் சுலோகம், பிறகு தமிழ். மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பி என்பவர் நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டினார், கதவு போட்டார், நின்று எரிய நிலைவிளக்கு ஒன்றும் வைத்தார். கல்வெட்டில் இருப்பது மொத்தம் இவ்வளவுதான். மண்டபம் போய்விட்டது. விளக்கு அணைந்து எழுநூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். பெயர் வெட்டிய கல்தான் நின்றது. அது இல்லையென்றால் பாகானில் தமிழ் ஒலித்தது என்று எதைக் காட்டுவோம்?

இந்தக் காலத்துக்கு வந்தாலும் அப்படித்தான். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் போட்டுத் தொடங்கினார்கள். யார் போட்டார்கள் என்று தெரிந்ததால்தான் உலகம் முழுக்க இருந்து பணம் வந்தது. மறைத்துச் செய்திருந்தால் வந்திருக்குமா?

என் யோசனை: கோயில் மண்டபத்தில் ஒரு கல். பெயர், ஊர், செய்த பணி, வருஷம். ஒரு கல்வி நிதி, அவர் பெயரிலேயே.

ரப்பர் தோட்டம்

டியூப் லைட்டில் "உபயம்" என்று பெரிசாக எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஊர் நம் ஊர். ஒரு மனுஷன் எழுதாமல் விட்டார், அவருக்குமா?

முடோன் மருமகள்

பழைய சிலேட்டு ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த நாட்டில் புத்த கோயிலுக்குப் போனாலும் செங்கல்லுக்குச் செங்கல் கொடுத்தவர் பெயர்தான். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. தானம் செய்தேன் என்று சொல்லிப் பிறரை மகிழச் செய்வதும் புண்ணியம் என்பது இங்குள்ள வழக்கம்.

ஆனால் வேறு ஒன்று சொல்ல வேண்டும், கல் வைத்தால் இதையும் அதில் எழுதுவீர்களா என்று பார்க்கிறேன். அவர் வாங்கிய நோட்டில் பாதி நம் பிள்ளைகளுக்கு வரவில்லை. பொங்கி மடத்துக்கு, அதாவது புத்த பிக்குகள் மடத்துக்குப் போனது. அங்கே கோடையில் மோன் பிள்ளைகளுக்கு மோன் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். மோன் மாநிலத்தின் தலைநகரம் இது. ஆனாலும் அந்தப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழிதான் படித்தார்கள். தாய்மொழிக்கு அவர்களுக்கும் கோடை லீவும் மடமும்தான். அந்த வகையில் அவர்களும் நாமும் ஒரே படகு.

கோயில் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம காசு எதுக்கு அந்த மடத்துக்கு?" என்று கேட்டேவிட்டார். யார் என்று எழுத மாட்டேன். ஐயா நிதானமாகச் சொன்னார்: "நம்ம மண்டபம் ஒழுகினப்ப ரெண்டு கோடை எங்க உட்கார்ந்து படிச்சோம்?" மடத்துத் திண்ணையில்தான். ஒரு மூலையில் மோன், ஒரு மூலையில் தமிழ். நடுவில் ஒரே கரும்பலகை. கோடு கிழித்து இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்.

அந்த இரண்டு வருஷமும் எனக்கு மறக்காது. பிள்ளைகள் அடுத்தவர் பக்கத்தை எட்டிப் பார்ப்பார்கள். நம் ப, ய இரண்டுக்கும் மோன், பர்மிய எழுத்தில் உள்ளவை உடன்பிறந்தவை மாதிரியே இருக்கும், மூலை மட்டும் மழுங்கி உருண்டிருக்கும். தென்னிந்தியாவிலிருந்து போன எழுத்துதானே அது. ஒரு மோன் பையன் எங்கள் அட்டையைப் பார்த்து, "உங்க எழுத்துக்கு மட்டும் ஏன் முட்டி தெரியுது?" என்று கேட்டான். நம் பையன்களுக்கு வேறு குழப்பம். பள்ளியில் கஜீ, கக்வே என்று க வரிசையிலேயே நாலு எழுத்துப் படித்துவிட்டு வருவார்கள். இங்கே வந்தால் ஒரே க. "சயாமா, மீதி மூணு எங்கே?" ஐயா திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்.

கம்பைப் பையன்

இது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. 2014க்கு அப்புறம் மோன் மொழியை அரசுப் பள்ளிக்குள்ளேயே சொல்லிக்கொடுக்க வழி வந்தது இல்லையா? நமக்கு அதுவும் கிடையாது. அரசு கணக்கில் 135 இனம், அதில் மோன் உண்டு, தமிழர் இல்லை. ரங்கூனில் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் கொரியன், ஜப்பான், சீனம், தாய், ரஷ்யன், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் படிக்கலாம். தமிழ் அங்கேயும் இல்லை. உள்ளூர் மொழிப் பட்டியலிலும் சேராது, அயல்மொழிப் பட்டியலிலும் சேராது.

நான் ஐயாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் பணத்தில் படித்தவன். 2020இல் எல்லாம் அடைத்துக் கிடந்தபோது சயாமா போனில் வகுப்பு எடுத்தார்கள், ரங்கூனிலிருந்து நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். வீடியோவுக்கு டேட்டா போதவில்லை என்று ஒருத்தி சொன்னாள். வழி திறந்ததும் மோல்மேன் பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. ஐந்து தைத்த நோட்டு. ஒவ்வொன்றின் நடுப் பக்கத்திலும் போன் பில் கார்டு (போனில் பணம் ஏற்றும் கார்டு) ஒன்று செருகியிருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு, பர்மிய எழுத்தில்: முடிந்ததும் நோட்டைத் திருப்பி அனுப்பவும். போனில் படிக்கிற வகுப்புக்கும் நோட்டுக் கணக்கா என்று சிரித்தோம். ஆனால் அனுப்பினோம். என் நோட்டில் ஆறு தாள் காலி. கிழித்துக்கொண்டிருப்பார் போல.

பழைய சிலேட்டு

பர்மிய எழுத்திலா? அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாதா?

வியாசர்பாடி

தெரியும். நாலாம் வகுப்பு வரை என் பள்ளியில்தான் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுதினால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். வெட்கப்பட்டு எழுத மாட்டார். அவ்வளவுதான் விஷயம், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

நீங்கள் கல் வைக்க வேண்டும் என்கிறீர்கள். ஏன் வேண்டாம் என்றார் என்பது எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் பள்ளி வாசலில் ஒரு வெள்ளைப் பளிங்குக் கல் இருந்தது. கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் பெயர், தொகையோடு. அவருடைய அப்பா பெயர் மேலிருந்து மூன்றாவது. பள்ளியை எடுத்துக்கொண்ட பிறகு அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். யார் பெயர்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச நாளில் அது பின்பக்கக் கிணற்றடிக்கு வந்துவிட்டது. எழுத்து மேலே பார்க்கக் கிடந்தது. அதன் மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். துவைத்தவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து, கல் நல்ல வழவழப்பான கல்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். சந்து திரும்பிய பிறகு, "கல்லுல எழுதினது போச்சு, பையன் படிச்சது போகலையே" என்று மட்டும் சொன்னார். என்னைத்தான் சொன்னார். அதற்கடுத்த மாதம் நான் கப்பலேறிவிட்டேன்.

பழைய சிலேட்டு

ஐயா, இது தெரியாமல் பேசிவிட்டேன்.

இருந்தாலும் என் கேள்வி முழுசாகத் தீரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நம்பியின் கல் தப்பியது அதிர்ஷ்டம், உங்கள் பள்ளிக் கல் துவைக்கிற கல்லானது துரதிர்ஷ்டம். இரண்டையும் வைத்துப் பார்த்தால் எழுதாமல் இருப்பதை விட எழுதுவதே மேல் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. கல்லில் வேண்டாம், சரி. வேறு எங்காவது? அவர் எதுவுமே எழுதி வைக்கவில்லையா? கணக்கு?

சால்வீன் கரை

கணக்கு இருக்கிறது. வீட்டார் காட்டினார்கள், நேற்றுத்தான் முழுசாகப் பார்த்தேன். பதினான்கு நோட்டு, எல்லாம் அவரே தைத்தது. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. பர்மிய எழுத்து, பர்மிய எண். வலது பக்கத்தில் எல்லாம் விவரமாக இருக்கிறது: மண்ணெண்ணெய், சாக்பீஸ், சயாமா அரிசி, லைன் கார், மடத்துக்கு நோட்டு இத்தனை. பிள்ளைகள் பெயர் ஒவ்வொன்றும், எந்தத் தேதியில் எத்தனையாவது நோட்டு வாங்கினார்கள் என்பது வரை. நான் மொத்தம் பத்தொன்பது நோட்டு வாங்கியிருக்கிறேன்.

இடது பக்கத்தில் வருஷா வருஷம் ஒரே சொல்தான்: "சாக்கு". பக்கத்தில் தொகை. வேறு யார் கொடுத்ததும் இல்லை, தன் பெயரும் இல்லை.

1987 பக்கத்தில் ஒரு 75 கியாட் நோட்டை ஒட்டி வைத்திருக்கிறார். அதற்கு நேரே தொகைக்குப் பதில் ஒரு கோடு.

ரப்பர் தோட்டம்

நான் எத்தனை நோட்டு என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே. ஐந்தைத் தாண்டியிருக்காது என்று தெரியும், இருந்தாலும்.

சால்வீன் கரை

மூன்று. மூன்றாவதைத் திருப்பித் தரவில்லை என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறது.

ரப்பர் தோட்டம்

அட கடவுளே. மழையில் போய்விட்டது என்று பொய் சொன்னேன். பட்டம் விட்டுவிட்டேன்.

பழைய சிலேட்டு

அப்படியானால் அந்தப் பதினான்கு நோட்டையும் படம் எடுத்து வைப்போம். வீட்டார் சம்மதித்தால் மட்டும். வெளியிட வேண்டாம், பிள்ளைகள் பெயரெல்லாம் இருக்கிறது. பிரதி எடுத்து மூன்று ஊரில் மூன்று பேரிடம் வைத்தால் போதும். ஒன்றை மடத்திலும் வைக்கலாம். எனக்குப் பர்மிய எழுத்து நன்றாக வரும், தமிழில் பெயர்த்து எழுதித் தருகிறேன். கல் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

நெறியாளர்

இழையில் பணம் திரட்டுவது பற்றி மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கு, அலைபேசி எண் எதையும் இங்கே பொதுவில் போட வேண்டாம். சால்வீன் கரை அண்ணனைத் தனியாகத் தொடர்புகொள்ளுங்கள்.

சால்வீன் கரை

பணமாக இப்போதைக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். கியாட்டின் மதிப்பு நாளுக்கு நாள் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். ஐயா வழியிலேயே பொருளாகப் பார்ப்போம். சயாமா அரிசியை நானும் இன்னும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். ஜெனரேட்டர் எண்ணெய்க்கு ஆள் வேண்டும்.

கம்பைப் பையன்

ஜெனரேட்டருக்குப் பதில் ஒரு சோலார் தகடும் பேட்டரியும் போட்டால் என்ன? எண்ணெய் கிடைக்கவே கஷ்டமாக இருக்கிறது. நாங்கள் ஐந்து பேரும் இப்போது வேலையில் இருக்கிறோம். தகடு எங்கள் செலவு. உபயம் எழுத மாட்டோம்!

வியாசர்பாடி

என்னிடம் புத்தகம் உண்டு. பேத்தியின் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுடையதும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சாக்கில்தான் கட்டியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வாசகம் ஒன்று நான் கொடுத்தது கணக்கில் இருக்குமே, அதன் எண்ணையும் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி.

முடோன் மருமகள்

கோணி ஊசியை வீட்டார் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். துருப்பிடிக்காமல் இருக்க மெழுகுத் துண்டில் குத்தி வைத்திருந்தார். இன்றைக்குத் தகரப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். காலித் தாள் நானூற்றுச் சொச்சம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நோட்டு தேறும். இந்தக் கோடைக்குத் தமிழுக்கு இருபத்தாறு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மீதியைக் கடையில் வாங்க வேண்டும். சணல் நூல் சுத்தமாக இல்லை.

ரப்பர் தோட்டம்

நூல் என் பொறுப்பு சயாமா. அந்த மூன்றாவது நோட்டுக் கணக்கைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு உருண்டை போதுமா?

முடோன் மருமகள்

இரண்டாக வாங்குங்கள். மடத்துக்கும் தைக்க வேண்டும்.